நான்காம் கேள்வி

மாதத்தின் இரண்டாம் புதன்.
முல்லைத்தீவில் மூளைக் கிளினிக்.
பெரியவர் கொழும்பில் மாநாட்டுக்குப் போய்விட்டார்.
நான் பயிற்சிக்காரன், ஐந்தாம் வருடம்,
தலையைத் திறக்கத் தெரியும்,
கையெழுத்துக்கு இன்னும் மதிப்பில்லை.
விளக்குப் பெட்டியில் ஒரு ட்யூப் எரியாது.
எல்லா மண்டையோடும் இங்கே
பாதி இருட்டில்தான் தெரியும்.

எம்.ஆர்.ஐ. படிவத்தில் ஒன்பது கேள்விகள்.
நான்காவது:
உடலில் உலோகம் ஏதும் உண்டா?
ஆம். இல்லை.
கொழும்பில் இதைக் கேட்டால்
மோதிரத்தைக் கழற்றுவார்கள், சிரிப்பார்கள்,
ஒரு நிமிடமும் ஆகாது.

இங்கே நவமலர்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
இரணைப்பாலை. நாற்பத்து மூன்று வயது.
மூன்று மாதமாய்த் தலையிடி,
இடது கையிலிருந்து சோத்துப்பானை நழுவுகிறது.
"தெரியாது தம்பி.
அப்ப ஏதோ சுள்ளெண்டது.
குளவியெண்டு நினைச்சன்.
ஓடேக்க ஆர் பாத்தது?"

பேனையால் மூன்றாவது பெட்டி ஒன்று கீறினேன்.
தெரியாது.
இந்த மாவட்டத்தில் நான் கீறிய
பதினேழாவது பெட்டி.

எக்ஸ்ரே வந்தது.
வலது காதுக்கு மேலே
ஒரு பயறளவு வெள்ளை.
குளவி அங்கேயே இருக்கிறது.

கை ஏன் சோர்கிறது என்று பார்க்க
காந்தம் வேண்டும்.
காந்தத்துக்குள் விட்டால்
இரும்பு எழும்பி நடக்கும்.
சாயம் ஏற்றிய சி.ரி.தான் வழி.
யாழ்ப்பாணம். இரண்டு பஸ்.
தெரிந்தது பாதி, ஊகம் பாதி.

போன மாதம் ஒரு பொடியன்,
பரந்தன் ரோட்டில் மாட்டோடு மோதினவன்.
வலது கண்மணி விரிந்துகொண்டே போக
அம்புலன்சில் நானும் ஏறினேன்.
பள்ளம் கண்டால் பரராசா அண்ணை மெதுவாக்குவார்.
மெதுவாக்கினால் நேரம் போகும்,
மெதுவாக்காவிட்டால் தலை ஆடும்.
தருமபுரம் தாண்டவில்லை.
பயிற்சிப் பதிவேட்டில்
'பார்த்தது', 'உதவியது', 'தானே செய்தது'
என்று மூன்று நிரல்கள்.
கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை
எதில் போடுவதென்று தெரியாமல்
அந்தப் பக்கத்தை வெறுமையாய் விட்டேன்.

இரவில் ஐசாட்டா அழைப்பாள், ஃப்ரீடவுனிலிருந்து.
ஒரு பட்டறையில்
ஒரே கைத்துறப்பணத்தை மாறி மாறிச் சுழற்றி
ஆட்டுத் தலையில் பழகியவர்கள் நாங்கள்.
மற்றவர்கள் சம்பளம் கேட்பார்கள்,
நாங்கள் தூரம் கேட்போம்.
"உனக்கு எத்தனை கிலோமீற்றர்?"
"நூறு சொச்சம். உனக்கு?"
"மழையில்லாவிட்டால் இருநூறு.
மழையென்றால் எண்ணுவதில்லை."
அவளுடைய நாட்டிலும் ஓடியவர்கள் உண்டு.
உங்கள் படிவத்தில் நான்காம் கேள்வி
எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
"எங்கள் ஆசுபத்திரியில் அந்த இயந்திரமே இல்லை.
ஆகவே கேள்வியும் இல்லை" என்றாள்.
இருவரும் சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம்
கோட்டின் இரைச்சல் மட்டும் கேட்டது.

நவமலர் போகவில்லை.
"எடுக்க ஏலாதோ?"
எடுக்கப்போனால் கை முழுதாய்ப் போகலாம் என்றேன்.
விட்டு வைப்பது நல்லது என்றேன்.
அந்த 'நல்லது' வாயில் மணலாய்க் கிடந்தது.

ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்,
எங்காவது மயங்கி விழுந்தால்
ஆரும் அவளை அந்தக் குழாய்க்குள் தள்ளாதிருக்க.
"என்ன எழுதினியள்?"
இவரது தலைக்குள் உலோகத்துண்டு உண்டு.
"எப்ப வந்ததெண்டு?"
அதற்கு நிரல் இல்லை.
"எழுதுங்கோ."

பேனையை எடுத்தேன்.
அவள் யோசிக்கவேயில்லை.
"இரண்டாயிரத்து ஒன்பது, மாசி பன்னிரண்டு.
வியாழக்கிழமை.
கஞ்சிக்கு வரிசையில நிண்ட நேரம்.
எனக்கு முன்னால
ஏழு பேர்."

ஏழு பேர் என்றும் எழுதினேன்.
மையில்லாத முத்திரையை
இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது.